சூடு கண்ட பூனை எதைக் கண்டு விலகுகிறது?

தெருநாய் ஒன்று குரைத்தபடி நெருங்கி வருகிறது. எதிரே நிற்பவர் சட்டென்று குனிந்து தரையைத் தொடுகிறார். கல் எதுவும் அகப்படவில்லை. அது சிமென்ட் சாலை. ஆனாலும் நாய் காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு பத்தடி பின்வாங்கிவிடுகிறது. கல் மேலே விழுந்த பிறகு ஓடிப் பயனில்லை. கை ஓங்கிய பிறகு ஓடுவதும் தாமதம்தான். முதுகு வளையும் அந்த நொடியிலேயே அது முடிவெடுத்துவிடுகிறது. அதே தெருவில் விடிகாலையில் கோலம் போடக் குனியும் பெண்ணைப் பார்த்து அந்த நாய் ஓடுவதில்லை. வாசற்படியில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறது. குனிவது ஒன்றுதான், ஆனால் ஒன்றில் ஆபத்து இருக்கிறது, மற்றதில் இல்லை என்று நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அந்தப் பூனை எதைக் கண்டு விலகுகிறது? நெருப்பையா, பால் காயும் மணத்தையா, சமையலறை வாசலையா, அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஆளையா? சுட்ட நேரத்தில் இத்தனையும் அங்கே இருந்தன. இவற்றில் எதை வலியோடு சேர்த்து முடிச்சுப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று அந்தச் சின்னத் தலைக்குள் யார் தீர்மானிக்கிறார்கள்? நூறாண்டுக்கும் மேலாக உயிரியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் ஒவ்வொன்றும் விலங்குகளைப் பற்றிய முந்தைய மதிப்பீட்டைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கின்றன.

பள்ளிப் பாடத்தில் படித்த எவருக்கும் பாவ்லோவின் நாயும், மணியும், ஒழுகும் உமிழ்நீரும் நினைவிருக்கும். இவான் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. சோறு வரப்போகிறது என்று நாய்க்குத் தெரிவதை அவர் எச்சிலின் சொட்டுகளால் அளந்தார். அதே எச்சிலைக் கொண்டு கசப்பான அனுபவத்தையும் அளக்க முடிந்தது: நாயின் வாயில் நீர்த்த அமிலத்தை விட்டால் அதைக் கழுவித் தள்ள உமிழ்நீர் சுரக்கும், அமிலத்துக்கு முன்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தால், சில நாளில் சத்தத்துக்கே சுரக்கும். அவருடைய சமகாலத்தவரும் போட்டியாளருமான விளாதிமிர் பெஹ்தெரெவ் எச்சிலை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். பாதத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் முன் ஓர் அடையாளம் காட்டினால், அதிர்ச்சி வரும் முன்பே விலங்கு காலைத் தூக்கிக்கொண்டது. ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள் ஆக்கநிலையுறுத்தம் என்ற கரடுமுரடான சொல்லால் குறிப்பது இதைத்தான்.

பாவ்லோவின் நாய்களுக்குச் சோதனைக்கூடத்துக்கு வெளியே ஒரு பாடம் நடந்தது. 1924 செப்டம்பரில் நேவா ஆறு பெருக்கெடுத்து லெனின்கிராடுக்குள் புகுந்தது. கூண்டுகளுக்குள் வெள்ளம் ஏறியது; நாய்கள் கூரையை முட்டும் தண்ணீரில் மூக்கை மட்டும் வெளியே வைத்து நீந்திக்கொண்டிருந்தன. கூண்டின் கதவு தண்ணீருக்கு அடியில் இருந்ததால், காப்பாற்ற வந்தவர்கள் ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் அமுக்கி இழுத்தே வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால் மாதக்கணக்கில் பழகியிருந்த பாடங்கள் அவற்றில் பலவற்றுக்கு மறந்துபோயிருந்தன. பொறுமையாகத் திரும்பப் பழக்கி ஒரு நாய் பழைய நிலைக்கு வந்த பிறகு, அறைக் கதவின் கீழ் இடுக்கு வழியாக மெல்லிய நீரோட்டம் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். தரையில் பரவிய அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும். நாய் நிலைகுலைந்து போனது. ஒரே ஓர் இரவு, ஒரே ஓர் அடையாளம்.

இதிலிருந்து அன்றைய உளவியல் எடுத்துக்கொண்ட கருத்து எளிமையானது. எந்த அடையாளத்தையும் எந்தத் துன்பத்தோடும் சேர்க்கலாம். இரண்டும் அடுத்தடுத்து, சில நொடிக்குள் வந்தால் போதும். அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் 1920இல் பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலியைக் காட்டி, பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அழ வைத்தார்கள். இன்று எந்த நெறிக்குழுவும் கிட்டே சேர்க்காத சோதனை அது. அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்காமலேயே ஆய்வு முடிந்துபோனது என்பதைப் படிக்கும்போது இப்போதும் மனம் கசக்கிறது.

இந்த எளிய கருத்தை உடைத்தவர் ஜான் கார்சியா. கலிபோர்னியாவில் ஸ்பெயினிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். கதிர்வீச்சு அறைக்குள் வைத்த எலிகள் வாரம் செல்லச் செல்லத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தன. சொந்தக் கூண்டுக்குத் திரும்பினால் நன்றாகவே குடித்தன. கதிர்வீச்சு அறையில் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில், கூண்டில் இருந்தது கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் வாடை ஏறிய அந்தத் தண்ணீரை எலிகள் கதிர்வீச்சால் வந்த வயிற்றுக் குமட்டலோடு சேர்த்துவிட்டன. 1955இல் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இனிப்பான சாக்கரின் தண்ணீரும் கதிர்வீச்சும் ஒரே ஒரு முறை சேர்ந்து வந்தன. எலிகளுக்கு அதற்குப் பிறகு அந்த இனிப்பே பிடிக்காமல் போனது.

அவரது முக்கியமான சோதனை 1966இல், ராபர்ட் கோலிங்கோடு நடந்தது. எலி தண்ணீரை நக்கும்போதெல்லாம் வாயில் ஒரு சுவை தட்டும், கூடவே விளக்கு மின்னும், 'டிக்' என்று சத்தமும் வரும். சில எலிகளுக்கு இதன் பின் குமட்டல் வரும்படி செய்தார்கள். சிலவற்றின் காலில் மின் அதிர்ச்சி. பிறகு சுவையைத் தனியாகவும், ஒளி ஒலியைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டல் கண்ட எலிகள் சுவையை ஒதுக்கின, விளக்கையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி கண்டவை நேர்மாறாக விளக்குக்கும் சத்தத்துக்கும் பயந்தன, சுவையைக் கவலையில்லாமல் குடித்தன. எல்லா அடையாளங்களும் எல்லா எலிகளுக்கும் ஒன்றுபோலவே கிடைத்திருந்தன. ஆனால் வயிற்றில் நடந்ததற்கு வாயும், தோலில் நடந்ததற்குக் கண்ணும் காதும் சாட்சி என்று எலியின் உடலுக்குள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது.

நேரக் கணக்கும் தப்பாகிப்போனது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், சுவைக்கும் குமட்டலுக்கும் இடையே 75 நிமிடம் வரை இடைவெளி விட்டும் எலிகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டன. சில நொடி தாமதித்தாலே கற்றல் கெட்டுவிடும் என்று நம்பியிருந்த துறைக்கு இது ஏற்க முடியாத செய்தி. கார்சியாவின் கட்டுரைகளைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின. நியாயமாகப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. விஷம் வயிற்றுக்குள் இறங்கி வேலை செய்ய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைப் பொறுத்துக் காத்திருக்கத் தெரியாத எலி இனம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது. எலிப்பாஷாணம் வைத்துப் பார்த்த கடைக்காரருக்கும் விவசாயிக்கும் இது பழைய செய்தி: எலி முதலில் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும், பிழைத்துக்கொண்டால் மறுபடி அந்த இரையைத் தொடாது.

காடைகள் இன்னொரு கோணத்தைக் காட்டின. 1971இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கும் காடைகளுக்கும் புளிப்பான நீலநிறத் தண்ணீர் கொடுத்து, பிறகு குமட்ட வைத்தார்கள். எலி புளிப்பை ஒதுக்கியது. காடை நீலத்தை ஒதுக்கியது. இருட்டில் மோப்பம் பிடித்துத் தின்னும் விலங்குக்குச் சுவை சாட்சி; பகலில் தரையில் தானியம் பார்த்துப் பொறுக்கும் பறவைக்கு நிறம் சாட்சி. எருக்கஞ்செடியில் புழுவாக வளரும் ஆரஞ்சு நிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சி நம் ஊர்த் தரிசு நிலங்களில் அவசரமே இல்லாமல் மெல்லப் பறப்பதற்கும் இதுதான் காரணம். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் தங்குகிறது. ஒரு முறை தின்று வாந்தி எடுத்த பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. அமெரிக்காவில் லிங்கன் பிரோவர் இதன் உறவுக்காரப் பூச்சியான மோனார்க்கை நீல ஜே பறவைக்குக் கொடுத்து, அது சிலிர்த்துக் குமட்டுவதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். ஒட்டுண்ணி மாதிரி இந்தப் பாடத்தில் வாழும் பூச்சியும் உண்டு. டனாயிட் எக்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் பெண், நஞ்சே இல்லாமல் வெந்தய வரியனின் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பித்துவிடுகிறது.

மனிதக் குழந்தைகளும் இதற்கு விலக்கல்ல. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கு, சிகிச்சைக்குக் கொஞ்சம் முன்னால் புதுச்சுவை கொண்ட ஓர் ஐஸ்கிரீமைக் கொடுத்துப் பார்த்தார் ஐலீன் பெர்ன்ஸ்டீன். 1978இல் வெளியான ஆய்வு. அடுத்த முறை அந்த ஐஸ்கிரீமை வேண்டாம் என்று தள்ளியவர்கள் அதிகம். குமட்டல் வந்தது மருந்தால்தான் என்று தெரிந்த வயதுப் பிள்ளைகளும் தள்ளினார்கள். தெரிந்து என்ன பயன்? நாக்கு கேட்பதில்லை. சிகிச்சைக் காலத்தில் பிள்ளைகள் சாப்பாட்டையே வெறுக்கும்போது, அதைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

எந்த அடையாளம் எந்தத் துன்பத்தோடு சேரும் என்பதில் உடலுக்கு ஒரு முன்சாய்வு இருக்கிறது என்பது ஒரு பாதி. மறுபாதி, அந்த அடையாளம் ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்பது.

லெவல் கிராசிங்கில் மணி அடித்தால் ரயில் வருகிறது என்று ஊரே அறியும். ஒரு நாள் மணியோடு கூட ஒரு நீல விளக்கும் எரியத் தொடங்குகிறது. விளக்கு எரியும்போதெல்லாம் ரயில் வரத்தான் செய்கிறது. ஆனால் மணி பழுதான ஒரு நாளில் விளக்கு மட்டும் எரிந்தால், அதைப் பார்த்து எத்தனை பேர் நிற்பார்கள்? 1960களின் இறுதியில் லியோன் கேமின் எலிகளிடம் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். முதலில் இரைச்சல், பிறகு அதிர்ச்சி. இரைச்சலுக்குப் பயப்படப் பழகிய எலிகளுக்கு அடுத்து இரைச்சலும் விளக்கும் சேர்ந்து, பிறகு அதிர்ச்சி. கடைசியில் விளக்கை மட்டும் காட்டினால் எலி சும்மா இருந்தது. அதிர்ச்சியை இரைச்சலே சொல்லிவிடுகிறது. விளக்கு கூடுதலாக எதையும் சொல்லவில்லை, ஆகவே அதைக் கற்க வேண்டிய தேவையும் இல்லை. ராபர்ட் ரெஸ்கோர்லா 1968இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். சத்தத்தின்போது எவ்வளவு அதிர்ச்சி வருகிறதோ அதே அளவு சத்தமில்லாத நேரத்திலும் வந்தால், எத்தனை முறை சத்தமும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்தாலும் எலி சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. எலி எண்ணுவது சேர்க்கையை அல்ல, வித்தியாசத்தை. எதிர்பாராதது நடக்கும்போதுதான் கற்றல் நடக்கிறது என்று ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972இல் எழுதிய சமன்பாடு, இன்றும் மூளை ஆய்வாளர்களும் கணினி ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பப் போகும் இடம்.

கோலம் போடும் பெண்ணைக் கண்டு நாய் ஏன் ஓடவில்லை என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. குனிவது மட்டும் எதையும் சொல்வதில்லை.

முன்னறிவிப்பு என்பதே விலங்குக்கு ஓர் ஆறுதல் என்று காட்டியவர் ஜே வைஸ். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு அதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் முன்னால் ஒரு பீப் ஒலி. முன்னறிவிப்பு இல்லாத எலியின் இரைப்பையில்தான் புண் அதிகம். பீப் கேட்ட எலிக்கு, பீப் கேட்காத நேரமெல்லாம் நிம்மதி. மற்றதற்கு ஒரு நொடியும் நிம்மதி இல்லை. தீபாவளி வாரத்தில் கட்டிலடியில் ஒடுங்கி நடுங்கும் வீட்டு நாயின் நிலை இந்த இரண்டாவது எலியின் நிலைதான். வெடி எப்போது வரும் என்று சொல்ல எதுவும் இல்லை. நிறுத்த வழியும் இல்லை.

நிறுத்த முடியாத துன்பம் என்ன செய்யும் என்பதை 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களிடம் பார்த்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த நாய்கள், பிறகு வேறொரு பெட்டியில் தடுப்பைத் தாண்டிக் குதித்துத் தப்பின. என்ன செய்தும் நிறுத்த முடியாதிருந்த நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு, தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் படுத்தே கிடந்தன. கையறுநிலையை அவை கற்றுக்கொண்டன என்று அன்று எழுதினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: நீண்ட துன்பத்தில் அடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான பதில், தன்னால் மாற்ற முடியும் என்பதைத்தான் விலங்கு கற்கிறது. தன் பெயரை நிலைநாட்டிய கருத்தைத் தானே திருத்தும் நேர்மை மதிக்கத்தக்கது. அதற்கு அந்த நாய்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இந்த அறிவில் பெரும்பகுதி, மறுக்க வாயில்லாத உயிர்களின் வலியால் கிடைத்தது.

இதற்கெல்லாம் பெரிய மூளை தேவையா? இல்லை. சுமார் 20,000 நரம்பணுக்கள் மட்டுமே கொண்ட அப்ளிசியா என்ற கடல் நத்தை, உடலில் படும் மெல்லிய தொடுதலை வாலில் படும் அதிர்ச்சியின் முன்னறிவிப்பாகக் கற்றுக்கொண்டது. அந்த நத்தையின் நரம்புகளில் நினைவு எப்படித் தங்குகிறது என்று காட்டிய எரிக் கேண்டல் 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழ ஈயும் ஒரு வாசனையை அதிர்ச்சியோடு சேர்த்துக் கற்கிறது. 1970களில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் அப்படிக் கற்கத் தெரியாத ஈக்களைப் பிரித்தெடுத்து, அதற்குக் காரணமான மரபணுவுக்கு 'மக்கு' என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். பாலூட்டிகளில் இந்த முடிச்சு விழும் இடம், மூளையின் அடிப்பகுதியில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. இதை விரிவாக வரைந்த ஜோசப் லெடூ பிற்காலத்தில் ஓர் எச்சரிக்கை சொன்னார்: எலி உறைந்து நிற்பதை நாம் அளக்கிறோம், அது 'பயம்' என்று எலி உணர்கிறதா என்பது வேறு கேள்வி. அவரது கவனம் சரியானது. ஆனால் கட்டிலடியில் நடுங்கும் நாயைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்த வேறுபாடு அவ்வளவு எளிதில் மனதில் ஒட்டாது.

தானே சூடுபட்டுத்தான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைப் பார்த்ததும், சில நிமிடத்தில் பயம் தொற்றிக்கொண்டது. சூசன் மினெகாவும் மைக்கேல் குக்கும் 1980களில் வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து அலறுவதுபோல் காட்டினார்கள். பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. கார்சியாவின் எலிகள் சொன்னதையே குரங்குகளும் சொல்கின்றன: முடிச்சு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறுகுவதில்லை.

சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார். பிறகு அந்த முகமூடியோடு பல்கலைக்கழக வளாகத்தில் யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. தொடக்கத்தில் நாலில் ஒரு பங்கு காக்கைகள்தான் கத்தின; ஐந்து ஆண்டில் அது மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டது. பிடிபட்டவை ஏழே ஏழு. மற்றவை பார்த்துக் கற்றவை; அவற்றில் அப்போது பிறந்தே இராத குஞ்சுகளும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் யானைகள் மனித இனங்களையே பிரித்தறிகின்றன. ஈட்டி எறியும் மாசாய் ஆண்கள் உடுத்திய துணியின் வாடை பட்டால் யானைக் கூட்டம் ஓடுகிறது; உழுது பிழைக்கும் காம்பா மக்களின் துணிக்கு அவ்வளவு கலக்கம் இல்லை. 2014இல் வெளியான ஆய்வு குரல்களை ஒலிபரப்பிப் பார்த்தது. மாசாய் ஆணின் குரலுக்கு யானைகள் ஒன்றுசேர்ந்து பின்வாங்கின. அதே மொழியைப் பெண்ணும் சிறுவனும் பேசியபோது அவ்வளவாக அசையவில்லை.

நம் மலையடிவாரங்களில் யானையை விரட்டப் பட்டாசு வெடிப்பவர்களின் அனுபவம் இதே பாடத்தின் மறுபக்கம். முதல் சில இரவு யானை ஓடும். சத்தத்தின் பின்னால் எந்தக் கேடும் வருவதில்லை என்று தெரிந்ததும், வெடித்துக்கொண்டிருக்கும்போதே வாழைத்தோப்புக்குள் நின்று தின்னும். சொல்லுக்குப் பின்னால் பொருள் இல்லையென்றால் விலங்கு அந்தச் சொல்லைக் கேட்பதை விட்டுவிடுகிறது.

அப்படிப் பயம் தணிவதை அழிவு என்று நினைக்கக் கூடாது. தணிந்த பயம் சில நாள் ஓய்வுக்குப் பின் தானாகவே தலைகாட்டுவதைப் பாவ்லோவே கவனித்திருந்தார். பயத்தை ஓர் அறையில் தணித்து, விலங்கை வேறோர் அறைக்குக் கொண்டுபோனால் பழைய பயம் திரும்பிவிடுகிறது என்று மார்க் பௌட்டனின் ஆய்வுகள் பல்லாண்டாகக் காட்டியுள்ளன. பழைய முடிச்சு அப்படியே கிடக்க, அதன் மேல் 'இங்கே, இப்போது பரவாயில்லை' என்ற புது முடிச்சு விழுகிறது. மீட்டெடுத்த நாயை வீட்டில் வைத்துப் பழக்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிய பிறகு, தெருவில் ஒருவர் கம்பை எடுத்ததும் அது பதறுவதைப் பார்த்தவர்கள் நாயை நன்றிகெட்டது என்று சொல்லிவிட வேண்டாம்.

இந்த அறிவை விலங்குகளை அடக்கவும் பயன்படுத்துகிறார்கள். பொத்தானை அழுத்தினால் கழுத்தில் அதிர்ச்சி தரும் பட்டைகள் நாய்ப் பயிற்சிக்கென்று விற்கின்றன. நாய் எதோடு அந்த வலியைச் சேர்க்கும் என்பது பொத்தானை அழுத்துபவர் கையில் இல்லை. எதிரே வரும் குழந்தையோடும் சேர்க்கலாம். வேல்ஸ் 2010லேயே அவற்றைத் தடைசெய்தது. நார்வேயின் நோஃபென்ஸ் நிறுவனம் ஆடுமாடுகளுக்குச் செய்யும் பட்டை கொஞ்சம் வேறு: கண்ணுக்குத் தெரியாத எல்லையை நெருங்கினால் முதலில் ஏறிக்கொண்டே போகும் ஓர் ஒலி, அதைக் கேட்டுத் திரும்பாவிட்டால்தான் சிறு அதிர்ச்சி. அறிவிப்பும், தவிர்க்கும் வழியும் இருக்கின்றன. வைஸின் எலிகளை நினைத்தால் இந்த வேறுபாடு சின்னதல்ல.

ஆனால் கார்சியாவின் கண்டுபிடிப்புக்கு மிக நல்ல பயன் ஆஸ்திரேலியாவில் கிடைத்திருக்கிறது. கரும்பு வண்டுகளைத் தின்னட்டும் என்று 1935இல் குயின்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட தேரை, வண்டை ஒழிக்கவில்லை. கண்டத்தின் வடக்கெங்கும் பரவி, அதைத் தின்ற உயிர்களைக் கொன்றது. பூனையைவிடச் சிறிய வடபகுதிக் குவோல் என்ற புள்ளிப் பாலூட்டி இடம் இடமாக மறைந்தது. தேரை கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்தான். ஆனால் முதல் பாடத்திலேயே மாணவரைக் கொன்றுவிடும் ஆசிரியர். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஒரு வழி காட்டினார்கள். கொல்லும் அளவு நஞ்சில்லாத செத்த குட்டித் தேரைக்குள் குமட்டலூட்டும் மருந்தை வைத்துக் குவோல்களுக்குக் கொடுத்தார்கள். வயிறு புரட்டிய குவோல்களைக் காட்டில் விட்டபோது, பாடம் பெறாதவற்றைவிட அவை அதிக நாள் உயிரோடிருந்தன.

அடுத்து நன்னீர் முதலைகள். கிம்பர்லி பகுதியில் வறண்ட பருவத்தில் ஆறு வற்றிக் குட்டைகளாகச் சுருங்கும்போது முதலைகளும் தேரைகளும் ஒரே தண்ணீரில் நெருக்கியடிக்க, முதலைகள் கூட்டமாகச் செத்து மிதந்தன. மக்வாரி பல்கலைக்கழகத்தினரும் அந்த மண்ணின் புனுபா மக்களைச் சேர்ந்த வனக்காவலர்களும் சேர்ந்து, நஞ்சுப் பகுதியை வெட்டி நீக்கிய தேரைகளில் குமட்ட வைக்கும் லித்தியம் உப்பைச் செலுத்தி, ஒப்பிட்டுப் பார்க்கக் கோழிக் கழுத்துகளையும் சேர்த்து ஆற்றங்கரைகளில் வைத்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, ஏற்கெனவே தேரை புகுந்திருந்த ஓர் இடத்தில் முதலைச் சாவு 95 விழுக்காடு குறைந்தது. வனக்காவலர்கள் தினமும் நேரில் பார்த்தது அந்த எண்ணைவிடத் தெளிவானது. முதல் மூன்று நாள் முதலைகள் தேரையைத் தின்றுவிட்டுப் போயின. பிறகு, தின்னும் முன் மூக்கை வைத்து மோந்து பார்க்கத் தொடங்கின. கடைசி நாளில் பெரும்பாலும் கோழிக் கழுத்துகள்தான் காலியாயின.